அடிபடவில்லை, ஆனாலும் பேச வேண்டியிருக்கிறது

வணக்கம் மக்களே. செஞ்சி ரைடு இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கோட்டையில் எடுத்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறது, வரும். அதற்கு முன்னால், அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அடிபடவில்லை. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் இதைத் தாண்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போக என்னால் முடியவில்லை.

முதலில் கிளிப்பைப் பார்த்துவிடுங்கள். ஹெல்மெட் கேமராவில் பதிவானது. சத்தத்தை நானேதான் குறைத்திருக்கிறேன். அந்த ஹார்ன் சத்தம் கேட்டால் இன்னும் வயிற்றைப் புரட்டுகிறது.

இது ஜிஎஸ்டி ரோடு. திண்டிவனம் தாண்டியாயிற்று, அச்சிறுபாக்கம் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் சென்னைக்குத் திரும்பும் நேரம். நான் இடது லேனில் 70ல் போய்க்கொண்டிருக்கிறேன். வலதுபக்கம் ஒரு வெள்ளைக் கார் வருகிறது பாருங்கள். என்னைத் தாண்டிப் போகிறது. இதுவரைக்கும் எல்லாம் சாதாரணம்.

இங்கே நிறுத்துகிறேன். இடதுபக்கம் தூரத்தில் ஒரு ஹோட்டல் போர்டு தெரிகிறதா? என்னைத் தாண்டி ஒரு வண்டி நீளம்கூடப் போகவில்லை, கார் அப்படியே இடதுபக்கம் திரும்புகிறது. இண்டிகேட்டர் இல்லை. பிரேக் லைட் மட்டும் எரிகிறது. வலது லேனிலிருந்து நேராக ஹோட்டல் வாசலுக்கு, என் மூக்குக்கு முன்னால்.

70 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கை அமுக்குவதற்குள் ஒரு நொடி போய்விடும். என்னிடம் அந்த 19 மீட்டர் இல்லை. நல்லவேளையாக ஹோட்டல் போர்டைப் பார்த்ததுமே, இங்கே யாராவது ஒடிப்பார்கள் என்று இரண்டு விரலை பிரேக் லீவர் மேல் வைத்திருந்தேன். அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம். அரசுப் பேருந்து ஓட்டி ரிட்டயர் ஆனவர் அவர். ஹோட்டல், பெட்ரோல் பங்க், டோல்கேட், கல்யாண மண்டபம் என்று எது கண்ணில் பட்டாலும் முன்னால் போகிறவன் திரும்புவான் என்று வைத்துக்கொள் என்பார்.

முன் பிரேக்கை அமுக்கினேன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிடித்துக்கொண்டது. லீவர் விரலுக்கடியில் படபடவென்று உதறியது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். என் பழைய வண்டியில் அது கிடையாது. அந்த வண்டியில் இதே மாதிரி அமுக்கியிருந்தால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு நான் காருக்கு அடியில் போயிருப்பேன். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கிறவர்கள் ஐந்தாயிரம் பத்தாயிரம் மிச்சம் என்று ஏபிஎஸ் இல்லாத வண்டியை எடுக்காதீர்கள், தயவுசெய்து.

வண்டி தார் ரோட்டை விட்டு ஜல்லியில் இறங்கி நின்றது. காரின் பின்கதவைக் கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். பின்சீட்டில் ஒரு குழந்தை, நான்கைந்து வயது இருக்கும், சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறது. அதற்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. வீடியோவில் அந்த முகத்தை மறைத்திருக்கிறேன். நம்பர் பிளேட்டையும் மறைத்திருக்கிறேன். நம்பரைப் போடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யாரும் எழுத வேண்டாம். அந்த வீட்டு வாசலில் நாலு பேர் போய் நின்றால் அந்தக் குழந்தையும்தான் பயப்படும்.

கார் ஓட்டியவர் இறங்கி வந்தார். கையில் போன், மேப் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில், "பார்த்து வரக்கூடாதா தம்பி" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "சத்தியமா உங்களைப் பார்க்கவே இல்லை. ஒன்னும் ஆகலையே? விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்ற கணக்கில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வாய் எழும்பவில்லை.

பார்க்கவே இல்லை என்று அவர் சொன்னது அன்றைக்கு எனக்குப் பச்சைப் பொய்யாகத்தான் பட்டது. ஓரிரு நொடி முன்னால்தான் என்னைத் தாண்டிப் போகிறார், எப்படிப் பார்க்காமல் இருப்பார்? அப்புறம் தேடிப் படித்தபோது ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்கார வைத்து ஓர் ஆய்வு செய்து, 2019ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஜங்ஷனில் எதிரே வரும் பைக்கைச் சிலர் கண்ணால் நேராகப் பார்க்கிறார்கள். அடுத்த சில நொடிகளில் அது நினைவிலிருந்தே போய்விடுகிறது. பார்த்தும் மறந்துபோகிறார்கள். நடுவில் வேறு வேறு பக்கம் கண்ணைத் திருப்பத் திருப்ப மறப்பது அதிகமாகிறதாம். இவருடைய கண் என்னிடமிருந்து மேப்புக்குப் போய், மேப்பிலிருந்து ஹோட்டல் போர்டுக்குப் போயிருக்கிறது. அந்த இரண்டு தாவலில் நான் அழிந்துபோயிருக்கிறேன். இது அவர் செய்ததை நியாயப்படுத்தாது, போனைக் கையில் எடுத்தது அவர்தானே. ஆனால் கார் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஆய்வு செய்தவர்கள் சொல்லும் ஒரு யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பைக்கைப் பார்த்தால் வாய்விட்டு "பைக்" என்று சொல்லுங்கள் என்கிறார்கள். சொன்னால் மனதில் நிற்கும். என் மாமாவிடம் சொன்னேன், இப்போது கார் எடுத்தால் சொல்லிக்கொண்டேதான் ஓட்டுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டியை விட்டு இறங்கி சைட் ஸ்டாண்ட் போட வேண்டும். காலுக்கு ஸ்டாண்ட் அகப்படவில்லை. துழாவுகிறேன், துழாவுகிறேன், கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஹோட்டல் பக்கத்துப் பெட்டிக்கடை அக்கா ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார். "உட்காரு தம்பி, முதல்ல உட்காரு" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டார். கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். குடிக்கப் போனால் பாட்டில் பல்லில் டக் டக்கென்று இடிக்கிறது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கிளம்பவும் விடவில்லை. "கை நடுக்கம் நிக்கட்டும், அப்புறம் போ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா, நீங்கள் இதைப் பார்ப்பீர்களா என்று தெரியாது. உங்களுக்கு ரொம்ப நன்றி.

அந்த நடுக்கம் எதற்கென்றால், உடம்பு அட்ரினலினை அள்ளிக் கொட்டியிருக்கிறது. அது இறங்கும்போது கை கால் ஆடும், வாய் வறளும், சிலருக்கு வாந்தி வரும், சிலருக்கு அழுகை வரும். கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்த நேரத்தில் வண்டி எடுக்காதீர்கள். காரைத் துரத்திப் போகாதீர்கள். அந்த நிலைமையில் கைக்கும் நிதானம் இருக்காது, வாய்க்கும் இருக்காது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா உப்பு மிளகாய் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். மறுநாள் ஆபீசில் சொன்னால், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, விடுடா" என்றார்கள். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கு மேல் பேசினால் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பார்களோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. ராத்திரி தூக்கத்தில் அந்தப் பின்கதவு வரும். சில நாள் கனவில் வண்டி நிற்காது. சிக்னலில் வலதுபக்கம் ஒரு கார் வந்து நின்றாலே தோள் இறுகிவிடும். ஹேண்டில்பாரை அவ்வளவு இறுக்கிப் பிடித்து மணிக்கட்டு வலித்தது. ஒரு கட்டத்தில் வண்டியைக் கவர் போட்டு மூடிவிட்டு மெட்ரோவில் போக ஆரம்பித்தேன். வண்டி ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டேன்.

பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த மனிதரை மனதுக்குள் எத்தனை தடவை சட்டையைப் பிடித்திருப்பேன் தெரியுமா? குளிக்கும்போது, சாப்பிடும்போது, அவரிடம் சொல்லாமல் விட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருநாள் என் தங்கச்சி குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள், எரிந்து விழுந்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அண்ணா, அந்தக் கார்க்காரன் மேல இருக்கிற கோபம்தானே இது" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், சர்வீஸில் இருக்கும்போது ஒரு தடவை பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளோடு பஸ் முன்னால் வந்துவிட்டான், மயிரிழையில் தப்பித்தான் என்று. அன்றைக்கு டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு, வீட்டுக்கு வராமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். கண்டக்டர் மாமா கூடவே உட்கார்ந்திருந்தாராம், ஒன்றும் பேசாமல். இத்தனை வருடத்தில் இதை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை. ஏன்பா சொல்லவில்லை என்றேன். "ஒன்னும் ஆகலையே, என்னத்தச் சொல்றது" என்றார். அந்தப் பையன் போட்டிருந்த சட்டையின் நிறம் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2022ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். இது மத்திய அரசின் அறிக்கையில் இருக்கும் கணக்கு. எனக்கு அது நடந்த இடத்திலிருந்து மேல்மருவத்தூர் பக்கம்தான். விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பரில் அந்த ஊரில்தான் தொடங்கினார்கள். நல்ல திட்டம், எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் என்னை மாதிரி, அப்பா மாதிரி, அடிபடாமல் வீட்டுக்கு வந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். காயம் இல்லை என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. நாமும் சொல்வதில்லை. உடம்பு மட்டும் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். ஒன்று, பேசியது. "ஏதோ தப்பித்தேன்" என்று முடித்துவிடாமல், முதலிலிருந்து கடைசி வரைக்கும், சிப்ஸ் பாக்கெட் உட்பட எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் உண்மை. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேரை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள், 2017ல் வெளியானது. விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒரு பாதிப் பேரை, அந்தக் காட்சியை ஒரு தடவை நினைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். கட்டம் கட்டமாக மேலேயிருந்து விழுமே, அந்த விளையாட்டுதான். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தக் காட்சி தானாக மனதில் வந்து விழுவது, விளையாடாதவர்களைவிட 62 சதவீதம் குறைவாக இருந்தது. காட்சியைப் பதிய வைக்கும் வேலையும் கட்டங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் வேலையும் மூளையில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்பது அவர்கள் விளக்கம். நான் படித்தபோது எனக்குக் காலம் தாண்டிவிட்டது. உங்களில் யாருக்காவது நாளைக்கு நடந்தால் ஞாபகம் வையுங்கள், போனில் அந்த விளையாட்டை இப்போதே இறக்கி வையுங்கள்.

வண்டிக்குத் திரும்பியது மெதுவாகத்தான். முதலில் எங்கள் தெருவுக்குள், அப்புறம் விடியற்காலையில் காலியாக இருக்கும் மைதானத்தில். அவசர பிரேக்கை மட்டும் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன். லீவர் அந்த மாதிரி உதறும்போது முதல் சில தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், போதும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, ரோட்டைப் பார்த்தாலே பயம், யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். திரையில் போட்டிருக்கிறேன், கீழேயும் எழுதியிருக்கிறேன்.

இப்போதும் வலதுபக்கம் கார் வேகமாக வந்தால் தோள் கொஞ்சம் இறுகுகிறது. குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நானும் அப்பாவும் கிளம்புகிறோம், அவர் பின்சீட்டில். பெட்டிக்கடை அக்காவைப் பார்த்துவிட்டு, அம்மா கொடுத்துவிடும் முறுக்கையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் இருப்பவர்கள் வழியில் பார்த்தால் நிறுத்திப் பேசுங்கள். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால், என்னிடம் சொல்லலாம். நான் கேட்கிறேன்.