பிள்ளைகள் தாமே கட்டும் எதிர்ச்சொற்கள்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

எதிர்ச்சொல் பாடம் நம் வகுப்புகளில் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் இன்பம், வலப்பக்கம் துன்பம். அதற்குக் கீழே நீதி, அநீதி. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், ஒப்பிக்கிறார்கள், தேர்வில் அப்படியே திருப்பி எழுதுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு இணைகளும் வேறு வேறு வகை. இன்பம் தெரிந்த பிள்ளைக்குத் துன்பத்தை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். நீதி தெரிந்த பிள்ளையோ அநீதியைத் தானே கட்டிக்கொள்ளலாம். மனப்பாடம் செய்தே தீரவேண்டியதையும் தானாகச் செய்துகொள்ளக்கூடியதையும் ஒரே பட்டியலில் போட்டு, இரண்டையும் சுமக்க வைக்கிறோம். எனக்கு இது மனத்தாங்கலான விஷயம். அதனால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

எங்கிருந்து தொடங்குவது? உணவகப் பலகையிலிருந்து தொடங்குங்கள். சைவம், அசைவம். பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளைகள் காதில் விழுந்த சொற்கள் இவை. 'அசைவத்தில் கூடுதலாக இருக்கும் எழுத்து எது, அது என்ன வேலை செய்கிறது?' என்று கேளுங்கள். விடை அவர்களிடமிருந்தே வரும். அதன் பிறகு சுத்தம், தர்மம், நியாயம், சாத்தியம் என்று சொற்களை மட்டும் கொடுங்கள். அசுத்தம், அதர்மம், அநியாயம், அசாத்தியம் என்று அவர்கள் கட்டட்டும். நீங்கள் கரும்பலகைப் பக்கமே திரும்ப வேண்டாம்.

சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் இந்த 'அ' சற்று நீள்கிறது. ஆசாரம் அநாசாரம் ஆகிறது, ஏகம் அநேகம் ஆகிறது. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்து முட்டாமல் இருக்க நடுவில் ஒரு மெய் வருகிறது என்று சொன்னால் போதும், நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். கூர்மையான பிள்ளை ஒன்று, 'அவசியம் ஏன் அநவசியம் ஆகவில்லை, அநாவசியம் என்று நெடில் எங்கிருந்து வந்தது?' என்று கேட்கும். வடமொழியில் அது 'ஆவசியகம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பதில் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையை உட்கார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு கருவி கையில் கிடைத்ததும் பிள்ளைகள் அதை எல்லாவற்றின் மேலும் போட்டுப் பார்ப்பார்கள். அன்பிலும் அழகிலும் அரிசியிலும் கூட 'அ' இருக்கிறதே என்பார்கள். முதலெழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சொல்லாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'ழகு' என்று ஒன்று இல்லை. ஆகவே அழகின் அகரம் அந்தச் சொல்லின் உடம்பிலேயே பிறந்தது. அதிர்ஷ்டத்தின் கதை இன்னும் சுவையானது. அதன் மூலப் பொருள் 'காணப்படாதது'. திருஷ்டி என்று நாம் சொல்கிறோமே, அதே வேர்தான். அந்த வேருக்கு முன்னால் எதிர்மறை அகரம் நிற்கிறது. பிறகு அந்தச் சொல்லுக்கும் முன்னால் 'துர்' சேர்ந்து துரதிர்ஷ்டம் வந்தது. ஒரே சொல்லுக்குள் இரண்டு முன்னொட்டுகள்! ஐந்தாம் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் சொற்களை உடைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

'அவ' என்ற முன்னொட்டில்தான் நீங்கள் அதிக நேரம் தங்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மதிப்பு, அவமதிப்பு. நம்பிக்கை, அவநம்பிக்கை. பெயர், அவப்பெயர். இந்த 'அவ' வெறுமனே இல்லை என்று சொல்வதில்லை, கீழே தள்ளுகிறது. ஒருவரை மதிக்காமல் இருப்பது ஒன்று, அவமதிப்பது வேறொன்று. இந்த வேறுபாடு பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விளையாட்டில் தன்னைச் சேர்த்துக்கொள்ளாத நாளும், எல்லோர் முன்னும் கேலி செய்யப்பட்ட நாளும் அவர்களுக்கு ஒன்றல்ல. சட்டமன்றத்தில் கொண்டுவருவதை நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்கிறோம். அந்த இடத்தில் அவநம்பிக்கை என்று போட்டால் சொல்லின் நிறமே மாறிவிடும்.

இந்த இடத்தில் சில ஆசிரியர்கள் மறுப்புச் சொல்வதுண்டு. இவையெல்லாம் வடமொழி முன்னொட்டுகள், பிள்ளைகளுக்கு எதற்கு என்பார்கள். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கி வைத்த தனித்தமிழ் இயக்கம் நமக்குத் தந்த சொல்வளத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் நம்பிக்கையும் மதிப்பும் பெயரும் தமிழ்ச் சொற்கள். அவற்றின் முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட 'அவ' நம் வீட்டுப் பேச்சிலேயே புழங்குகிறது. பிள்ளை நாள்தோறும் கேட்கும் சொல் எப்படி அமைந்தது என்பதை அதனிடமிருந்து மறைப்பது மொழிக்குச் செய்யும் தொண்டு ஆகாது. எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.

தமிழுக்கு முன்னால் சேர்க்கும் வழக்கமே கிடையாதா என்றால், உண்டு. உயர்திணை, அஃறிணை என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அஃறிணை என்பது அல் கூட்டல் திணை, உயர்வு அல்லாத திணை. அந்த ஆய்த எழுத்து ஏன் வந்தது என்று தலையைச் சொறியும் பிள்ளைக்கு இந்தப் பிரிப்பே விடை. லகரமும் தகரமும் சேரும்போது பிறந்த ஒலி அது. இளவேனில் முதுவேனில், வளர்பிறை தேய்பிறை, செங்கோல் கொடுங்கோல், இன்சொல் வன்சொல் என்று முன்பாதியை மட்டும் மாற்றி எதிர்ப்பொருள் காட்டும் இணைகளும் நிறைய இருக்கின்றன. இக்காலப் பிள்ளைகளுக்கு மென்பொருளும் வன்பொருளும் போதும். ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. இல்லறத்தைப் பிரித்த பிள்ளை, அறம் இல்லாதது என்று பொருள் சொல்லிவிடும். அந்த 'இல்' வீடு. இல்லறத்துக்கு இணையாக நிற்பது துறவறம்.

ஆனாலும் தமிழின் மறுப்பு பெரும்பாலும் சொல்லின் பின்பகுதியில்தான் இருக்கிறது. திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். 29 முதல் 34 வரை கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை, நிலையாமை. வாய்மை ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் -ஆமை. இதைப் பார்த்த பிள்ளையிடம், முன்னொட்டுச் சொல்லைக் கொடுத்துப் பின்னால் மறுக்கும் சொல்லைக் கேளுங்கள். நிரபராதி, குற்றமற்றவர். அநாவசியம், தேவையற்றது. அசாத்தியம், இயலாதது. எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பயனுள்ள சொற்பயிற்சி தொடக்க வகுப்புகளுக்கு இல்லை. ஒரே பொருளை மொழி இரண்டு பக்கமிருந்தும் சொல்வதைப் பிள்ளை தன் வாயாலேயே சொல்லிப் பார்க்கிறது.

பிள்ளைகள் புதிய சொற்களையும் கட்டுவார்கள். தூக்கத்துக்கு எதிர்ச்சொல்லாக ஒரு பிள்ளை 'அதூக்கம்' என்றால், முதலில் பாராட்டுங்கள். விதியைப் புரிந்துகொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பிறகு, இப்படி யாரும் சொல்வதில்லையே, வேறு எப்படிச் சொல்வோம் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை விழிப்பு என்னும், இன்னொன்று தூக்கமின்மை என்னும். இரண்டும் ஒன்றா என்பது அடுத்த கேள்வி. விழித்திருப்பவர் நிம்மதியாக இருக்கலாம். தூக்கமின்மை என்றால் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். எதிர்ப்பொருளும் இல்லாமையும் பிரியும் இடம் இது. வெப்பம் இல்லை என்பதாலேயே குளிர் என்று ஆகிவிடாது, இரண்டுக்கும் நடுவே இதமான நாள் ஒன்று இருக்கிறது. பட்டியலை மட்டும் படித்த பிள்ளை இந்த நடுவிடத்தைப் பார்ப்பதே இல்லை.

வினாத்தாள் குறிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மகிழ்ச்சிக்கு எதிர்ச்சொல் கேட்டு, விடைக்குறிப்பில் துன்பம் என்று மட்டும் எழுதுகிறோம். வருத்தம், துயரம், துக்கம் என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கிடைப்பது திருத்துபவரின் மனத்தைப் பொறுத்தது. மகிழ்ச்சியின்மை என்று எழுதிய பிள்ளைக்குப் பெரும்பாலும் சுழியம்தான். அந்தப் பிள்ளை தமிழின் முறைப்படி ஒரு சொல்லை ஆக்கியிருக்கிறது. 'பொருந்தும் பிற சொற்களுக்கும் மதிப்பெண் வழங்கலாம்' என்ற ஒரு வரியை அடுத்த பருவத் தேர்வின் விடைக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.