அஞ்சல் எண்ணுக்குள் இருப்பவை

அவையோர்களே, இராமேசுவரத்துக்குக் கடிதம் எழுதுவோர் முகவரியின் கடைசியில் 623526 என்று எழுதுகிறார்கள். 1972-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி கடிதங்களைப் பிரிப்பதற்காக வந்த எண் அது. அதற்குக் கணக்கில் ஏதேனும் குணம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கரையில் மீனை ரகம் பிரிப்பவர்கள் எடைக்கு முன் இனத்தைத்தான் பார்க்கிறார்கள். எண்ணையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

இரட்டை எண் ஆதலால் 2 வகுக்கிறது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 24 ஆதலால் 3-உம் வகுக்கிறது. மிஞ்சும் 103921-ஐ 17-ஆல் வகுத்தால் 6113 வருகிறது. இங்கேதான் சற்று நிற்கவேண்டும். 79-இன் வர்க்கமான 6241 இதைத் தாண்டிவிடுவதால், 2 முதல் 73 வரையுள்ள இருபத்தொரு பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஏலச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் நான் வகுத்துப் பார்த்தேன். 37-க்கு மீதி 8, 41-க்கு 4, 47-க்கு 3 என்று கிட்ட வந்து நழுவினவே தவிர, ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை. ஆகவே 6113 பகா எண். 623526 என்பது 2 × 3 × 17 × 6113. வகுத்திகள் மொத்தம் பதினாறு.

இதன் பாதி 311763, மூன்றிலொரு பங்கு 207842, ஆறிலொரு பங்கு 103921. இம்மூன்றையும் கூட்டினாலே முழு எண்ணும் வந்துவிடுகிறது. தன்னை நீக்கிய வகுத்திகளில் இன்னும் பன்னிரண்டு மிச்சம் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தால் 697098. இப்படித் தன்னைவிடக் கூடுதலாகத் தருவதை மிகை எண் என்பர். 6-இன் மடங்குகளில் 6 மட்டும் கூட்டுத்தொகை தனக்கே சமமாகும் நிறைவெண்; மற்ற மடங்குகள் அனைத்தும் மிகை எண்களே.

பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1914 பிப்ரவரியில். அடுத்த மாதமே இராமானுஜன் சென்னையில் கப்பலேறினார் என்பது எனக்குப் பிடித்த பொருத்தம். 1915-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, தமக்குச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. 554400 அவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு 216 வகுத்திகள். அதில் 2 ஐந்து முறையும், 3, 5 ஆகியவை இருமுறையும், 7, 11 ஒவ்வொரு முறையும் வருகின்றன. நம் எண் அதைவிடப் பெரியதுதான்; ஆனால் 6113 ஒன்றே இடத்தை அடைத்துக்கொண்டதால் பதினாறோடு நின்றுவிட்டது.

இருபத்தைந்து எண்கள் முன்னால் இருக்கிறது இராமநாதபுரத்தின் 623501. நூறு வரையுள்ள பகா எண்களால் வகுத்துச் சலித்து, இதுவும் பகா எண்தான் என்று முடிவுகட்டிவிட்டுத் தூங்கப் போனேன். அது அவசரம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது, எண்பத்திரண்டாவது பகா எண்ணான 421-இல் அகப்பட்டது: 421 × 1481, இரண்டும் பகா எண்கள். தன்னை நீக்கிய வகுத்திகளைக் கூட்டினால் 1903-க்குமேல் தேறாத குறை எண் இது. இதே போன்ற பெருக்கம் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கு நீண்டுவிட்டால், காரணிகளைப் பிரித்தெடுக்கக் கணினியும் திணறும். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் வகுத்த மறைக்குறியீட்டுப் பூட்டு அந்தத் திணறலை நம்பித்தான் பூட்டப்படுகிறது.