பார்லி அரைத்த கைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கிரேக்கர் சாப்பாடு என்றதும் பலருக்கும் மண்சாடிகளில் தீட்டிய விருந்துதான் நினைவுக்கு வரும். மஞ்சத்தில் சாய்ந்த ஆண்கள், கையில் வைன் கிண்ணம், பக்கத்தில் குழல் ஊதும் பெண். அது வசதி உள்ளவர்களின் இரவு. நான் பேச வந்தது ஏதென்ஸின் சாதாரண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி.

அவர்களுக்குச் சாப்பாடு என்றால் முதலில் தானியம். அதை 'சீத்தோஸ்' என்றார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள வைப்பதெல்லாம் 'ஒப்ஸொன்': ஆலிவ், வெங்காயம், பாலாடைக்கட்டி, கையில் காசு இருந்தால் மீன். ஆடு மாடு இறைச்சி பெரும்பாலும் பலி கொடுக்கும் நாளில்தான். பந்தியில் ஓர் இளைஞன் ரொட்டியைத் தொடாமல் ஒப்ஸொனை மட்டும் தின்றுகொண்டிருந்ததை ஏதென்ஸ் எழுத்தாளர் செனபோன் எழுதியிருக்கிறார். அங்கே இருந்த சாக்ரடீஸ் அவனை நேராகக் கேட்கவில்லை. ஒருவனை ஒப்ஸொன் தின்னி என்று எதற்காகச் சொல்கிறோம் என்று பொதுவாகப் பேச்சை எடுத்தார். பையன் சட்டென்று ரொட்டியை எடுத்தான். சாக்ரடீஸ் விடவில்லை. ரொட்டிக்கு இதைத் தொட்டுக்கொள்கிறானா, இதற்கு ரொட்டியைத் தொட்டுக்கொள்கிறானா, பக்கத்தில் இருப்பவர்கள் கவனியுங்கள் என்றார்.

சரி, என்ன தானியம்? பெரும்பாலும் பார்லி. ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகாவின் மெலிந்த மண்ணுக்கும் குறைந்த மழைக்கும் அதுதான் தாங்கும். கோதுமை நிறையவே கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. பார்லி மாவு ரொட்டியாக உப்பி வராது. அதனால் தானியத்தை வறுத்து, அரைத்து, தண்ணீரோ எண்ணெயோ பாலோ விட்டுப் பிசைந்து, சுடாமல் அப்படியே சாப்பிட்டார்கள். அதன் பெயர் 'மாஸா'.

குடிக்க வைன், அதுவும் தண்ணீர் கலந்துதான். கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர் பழக்கம் என்பது அவர்கள் எண்ணம். காலையில் மட்டும் கலக்காத வைனில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது உண்டு.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு 'கொய்னிக்ஸ்' தானியம் என்பது வழக்கமான கணக்கு. ஏறக்குறைய 1 லிட்டர். அதை அரைத்தது யார்? வீட்டுப் பெண்கள், அடிமைப் பெண்கள். சுற்றும் திருகை பிறகுதான் வந்தது. அதற்கு முன்பு, அம்மியில் அரைப்பதுபோல, கல்லின் மேல் கல்லை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கி.மு. 348இல் மாசிடோனிய மன்னர் பிலிப் அழித்த ஒலிந்தஸ் நகரில், தோண்டிய வீடுகளிலிருந்து அரவைக்கற்கள் கிடைத்திருக்கின்றன. எனக்கு அந்த விருந்து ஓவியங்களைவிட இந்தக் கற்களே அதிகம் பேசுகின்றன.

ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒரு பெண் வருகிறாள். காவிய நாயகனான மன்னன் ஒடிஸியுஸ் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது; அவன் மனைவியை மணக்க வந்தவர்கள் அவன் அரண்மனையிலேயே உட்கார்ந்து தின்கிறார்கள். அங்கே 12 பெண்கள் மாவு அரைக்கிறார்கள். 11 பேர் வேலை முடித்துத் தூங்கிவிட்டார்கள். எல்லோரிலும் பலம் குறைந்த ஒருத்தி மட்டும் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். அப்போது மேகமே இல்லாத வானத்தில் இடி இடிக்கிறது. அவள் கல்லை நிறுத்திவிட்டுக் கடவுளர் தலைவன் ஸியுஸிடம் வேண்டுகிறாள்: இந்த வீட்டில் உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு இன்றைய சாப்பாடே கடைசியாக இருக்கட்டும், இவர்களுக்கு மாவு அரைத்தே என் முழங்கால் விட்டுப்போய்விட்டது.

கவிஞர் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. பிச்சைக்காரன் வேடத்தில் திரும்பி வந்து அங்கே இருந்த ஒடிஸியுஸின் காதில் அது விழுந்தது.