சுருக்கம் படிச்சா போதுமா?

அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "மகள் 11ஆம் வகுப்பு. ஆரம்பகால அமெரிக்க இலக்கியம் நடத்துறாங்க. பிராட்ஃபோர்டு, எட்வர்ட்ஸ் எதுவுமே புரியலங்கறா. இணையத்துல சுருக்கம் படிச்சுட்டுப் போனா போதாதா?" ரொம்ப நாளா உறுத்திக்கிட்டிருந்த கேள்வி இது. (பிராட்ஃபோர்டு, பிளிமத் குடியேற்றத்தோட ஆளுநரா இருந்து அதோட வரலாற்றை எழுதினவர்; எட்வர்ட்ஸ், பிரசங்கம் செஞ்ச பாதிரியார்.)

போதாதும்மா. சுருக்கத்துல 'கடவுள் கோபமா இருக்கார்'னு ஒரு வரி இருக்கும். பரீட்சைல கேக்கிறது, எட்வர்ட்ஸ் கேட்டவங்களை எப்படிப் பயமுறுத்தினார்னு. 1741 ஜூலை 8, என்ஃபீல்டு ஊர்ல 'கோபமான கடவுளின் கைகளில் பாவிகள்'ங்கற அவரோட பிரசங்கம். கூட்டம் அலறினதுல பாதியில நிறுத்த வேண்டியதாச்சுன்னு அங்க இருந்த இன்னொரு பாதிரியார் நாட்குறிப்புல எழுதியிருக்கார். அதனால சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. நீளமான வாக்கியம் வந்தா முதல்ல முக்கிய வினைச்சொல்லைத் தேடி வட்டம் போடணும். அதுவரைக்கும் 'பாவிகள்'னு பொதுவா பேசினவர் 'நீங்கள்'னு திரும்புற இடத்துல ஒரு கோடு. நெருப்புக்கு மேல சிலந்தியைத் தொங்கவிடுற மாதிரி உங்களைப் பிடிச்சிருக்கார்ங்கற வரி அந்தக் கோட்டுக்குக் கீழதான் வரும். சில பாடநூல்கள்ல இந்தப் பின்பாதி மட்டும் இருக்கும். முழுப் பிரசங்கத்தையும் தேடி எடுத்தாதான் அந்தத் திருப்பம் கண்ணுல படும்.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. எப்ப நடந்தது, எப்ப அச்சாச்சு? பழைய காணொலிகள் பார்த்தவங்க சிரிப்பீங்க, நான் இதை விடமாட்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓரத்துல ரெண்டு ஆண்டு எழுதணும். 'சுதந்திரம் கொடு, இல்லைன்னா மரணம் கொடு'ன்னு அமெரிக்க விடுதலைத் தலைவர் பேட்ரிக் ஹென்றி பேசினது 1775; நாம படிக்கிற வடிவம் அச்சானது 1817. ஹென்றி கைப்பட எழுதினது எதுவும் கிடைக்கல, கேட்டவங்க நினைவுல இருந்து வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் வில்லியம் வர்ட் கோத்தது. அதுல ஹென்றியோட சொல்லாட்சின்னு ரெண்டு பக்கம் எழுதினா எப்படி? பிராட்ஃபோர்டு கதையும் அப்படித்தான்: குடியேறிகளோட மேஃபிளவர் கப்பல் வந்தது 1620, அவர் அந்த வரலாற்றை எழுத ஆரம்பிச்சது 1630, முழுசா அச்சேறினது 1856. 'அன்றைய வாசகர்கள் இந்த நூலைப் படித்து'ன்னு எழுதவே கூடாது.

பெரிய குழப்பம் ஆர்தர் மில்லரோட 'தி க்ரூசிபிள்' நாடகத்தாலதான். சேலம் (நம்ம சேலம் இல்ல, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இருக்கறது) சூனிய வழக்கு 1692, நாடகம் 1953. நாடகத்துல, மத்தவங்க மேல சூனியப் பழி போடுற அபிகெயிலுக்கு 17 வயசு. நிஜத்துல 11, 12தான். பழி சுமத்தப்பட்ட ஜான் பிராக்டருக்கு நிஜத்துல அறுபது வயசு கிட்ட. நாடகத்துல அவங்களுக்குள்ள வர்ற காதல் உறவு மில்லர் சேர்த்தது. 'எரித்தார்கள்'னும் பிள்ளைங்க எழுதிடுதுங்க; தூக்குல போட்டது 19 பேரை, நீதிமன்ற விசாரணைக்கு உடன்பட மறுத்த ஜைல்ஸ் கோரியை மேல கல்லை அடுக்கி நசுக்கினாங்க.