பேர் போடுகிறவரின் பொறுப்பு

(ஹட்டனில் நடந்த வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, கொட்டும் மழையிலும் டிக்கோயாவிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கௌரவ பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, ஒரு சதமும் வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் பரிபாலன சபையினரே, தொழிற்சங்கத் தோழர்களே, மலையிலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசைத் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

அதிபர் ஐயாவிடம் ஏழாம் வகுப்பில் தமிழ் படித்தவன் நான். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று கரும்பலகையில் எழுதி, அதை வைத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அன்றைக்கு அரைப் பக்கம்தான் எழுதினேன். மீதியை இன்றைக்கு அவர் முன்னாலேயே சொல்லி முடிக்கிறேன்.

விக்கிப்பீடியாவில் அரசியல்வாதிகளின் வாழ்க்கை வரலாற்றை எப்படி எழுத வேண்டும் என்பது என் தலைப்பு. மூன்று விசயம் சொல்ல வேண்டும். ஒன்று, எந்த மொழியில் எழுதுவது. இரண்டு, எதைச் சான்றாக வைத்து எழுதுவது. மூன்று, உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும்போது என்ன கவனம்.

மொழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "மலையகத்தின் விடிவெள்ளி" என்பது வரவேற்புப் பதாகைக்குரியது. "சமூகத் துரோகி" என்பது எதிர்க்கட்சி மேடைக்குரியது. கலைக்களஞ்சியத்தில் இரண்டுக்கும் இடமில்லை. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1947 இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார், 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரான நம்மவர்கள் நாடற்றவர்களானார்கள், 1977 இல் அவர் மீண்டும் தெரிவானார், 1978 இல் அமைச்சரானார். இவ்வளவும் நடந்தவை. அமைச்சரவைக்குள் போனதால்தான் பிரசாவுரிமை கிடைத்தது என்பார் உண்டு, போராட்டத்தின் வேகம் அதனால் தணிந்தது என்பாரும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள். ஆனால் யார் சொன்னது, எங்கே சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள். உங்கள் குரலில் எழுதாதீர்கள்.

அடுத்தது சான்று. தாய்மார்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஈரக் கொழுந்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, எல்லாம் போக மிச்சம்தான் கணக்கில் ஏறும். ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் ஒரு பேர் போடுவார்கள், கிலோ குறைந்தால் அரைப் பேர். அதனால் எங்கள் அக்கா, அம்மா வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் காம்பராச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டுவைப்பார். ஒரு மாதம் சுவரில் 23 கோடு. சம்பள நாளில் போனால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் 20 பேர்தான். மூன்று பேர் எங்கே? அம்மா கேட்டார். கிளாக்கர் ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுவரைக் கழற்றிக்கொண்டு வா, பார்க்கிறேன்" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை நடுங்கியது எனக்கு இன்னும் தெரிகிறது.

தோட்டத்துச் சங்கத் தலைவர் விடவில்லை. மலையில் வேலையைப் பார்வையிடும் அன்றைய கணக்கப்பிள்ளையைத் தேடிப் போனார். அவர் ஒழுங்கான மனுசன். மலையில் நிறுக்கும்போதே சட்டைப் பையிலிருக்கும் சின்னக் கொப்பியில் எழுதிவைப்பார். அதில் 22 நாள் இருந்தது. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், பச்சைக் கொழுந்து வாங்கும் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் கொப்பியோடு ஒத்துப்போனது. தோட்ட நிர்வாகியான துரை முன்னால் வைத்தபோது இரண்டு பேரைத் திருப்பிப் போட்டார்கள். "மூன்றாவதும் பாருங்க" என்று யாரோ சொன்னார். அம்மா யோசித்தார். "அன்னைக்குத் தம்பிக்குக் காய்ச்சல், டிஸ்பென்சரிக்குப் போனேன். கோடு பிசகிப்போச்சு. அது எனக்கு வேணாங்க" என்றார்.

சபையோரே, அந்த ஒரு நாள் சம்பளத்தில் எங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் மா வாங்கலாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

நம் நினைவு அந்தக் கரிக்கோடு மாதிரி. கட்சி தன் தலைவரைப் பற்றித் தானே அச்சிடும் மலர், கணக்கு எழுதுகிறவர் கையிலேயே இருந்த செக்ரோல் மாதிரி. இரண்டிலும் சம்பந்தப்படாத மூன்றாமவர் அன்றன்றைக்கு எழுதிய கொப்பியைத்தான் விக்கிப்பீடியா கேட்கிறது. "நானே கூட்டத்தில் இருந்தேன்" என்றால் போதாது. பத்திரிகைச் செய்தி எங்கே, பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட் எங்கே, ஆய்வு நூல் எங்கே என்று கேட்கும். சான்றுகள் முரண்பட்டால் முரண்பாட்டையே எழுத வேண்டும். 1947 தேர்தலில் தொண்டமானின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் பெற்ற ஆசனங்கள் 6 என்று சில இடங்களிலும் 7 என்று சில இடங்களிலும் இருக்கிறது. நமக்குப் பிடித்த இலக்கத்தை எடுத்துக்கொண்டு மற்றதை அழிக்கக் கூடாது.

அளக்காமல் போட்டால் என்ன நடக்கும்? 2005 இல் அமெரிக்காவில் ஜோன் சீகென்தாலர் என்ற பத்திரிகையாளரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருப்பதாகக் கருதப்பட்டது என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவிட்டார். ரொபர்ட் கென்னடியிடம் உதவியாளராக வேலை செய்த மனிதர் அவர். நான்கு மாதம் அந்தப் பொய் அப்படியே கிடந்தது. உயிரோடிருப்பவர்களைப் பற்றிய தனிக் கொள்கை அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த வருடமே, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகத்தார் தங்கள் எசமானர்களின் பக்கங்களைத் தாங்களே திருத்தியது வெளியில் வந்தது. எந்தக் கட்டுரையிலும் "வரலாறு" என்ற இடத்தைத் தொட்டால் யார் எப்போது எதை மாற்றினார் என்று தெரியும். கட்சிக் காரியாலயங்களில் வேலை செய்யும் தம்பிமாரே, உங்கள் தலைவரின் பக்கத்தில் பிழை இருந்தால் கட்டுரையோடு சேர்ந்திருக்கும் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு எழுதுங்கள். கட்டுரையில் நீங்களே கை வைக்காதீர்கள்.

சரி, சான்று கொடு என்கிறார்கள். நம்மிடம் எங்கே இருக்கிறது? இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்த கதையை நாம் எல்லோரும் சொல்கிறோம். 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் மேடைகளில் பாடியதைச் சொல்கிறோம். 1940 இல் முல்லோயாவில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டதையும், 1977 இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டதையும் சொல்கிறோம். ஆனால் அந்தந்தக் காலத்துப் பத்திரிகையும் சங்க ஏடும் நம்மில் எத்தனை பேர் கையில் இருக்கிறது? கொஞ்சம் கொழும்பில், கொஞ்சம் வெளிநாட்டில். மிச்சமெல்லாம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பரணில் கரப்பானுக்கும் மழை ஒழுக்குக்கும் போய்க்கொண்டிருக்கிறது. நூலகம் நிறுவனத்தார் 2005 இலிருந்து ஈழத்து ஏடுகளை எண்ணிமப்படுத்தி எல்லோரும் வாசிக்க வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். ஒரு துண்டுப்பிரசுரம், கட்சி என்ன சொன்னது என்பதற்குத்தான் சான்று, சொன்னது உண்மை என்பதற்கு அல்ல. அந்த அளவுக்கென்றாலும் அது வேண்டும்.

மூன்றாவது விசயத்துக்கு நேரமில்லை. அதிபர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சான்றில்லாத அவதூறைக் கண்டால் உடனே நீக்குங்கள், விவாதம் பிறகு நடக்கட்டும் என்பதோடு நிறுத்துகிறேன்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஸ்கேனர் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய சங்கப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், சந்தாத் துண்டு, ஆண்டுமலர், எதுவானாலும் கொண்டுவாருங்கள். படமெடுத்துக்கொண்டு உங்கள் கண் முன்னாலேயே திருப்பித் தருவோம். காலையில் ஒரு பாட்டி தேயிலைத்தூள் பையில் சுற்றி ஒரு கட்டு கொண்டுவந்தார். குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தது. மேல்தாளில் 1977 தேர்தல் கூட்டத்தின் திகதியும் இடமும் பேசுகிறவர்களின் பெயர்களும் தெளிவாக இருக்கின்றன. கீழ்மூலையை மட்டும் பூச்சி தின்றிருக்கிறது. அந்த மூலையில்தான் அச்சகத்தின் பெயர் இருந்திருக்கும். அதே நோட்டீஸ் இன்னொருவர் வீட்டிலும் இருக்கக்கூடும். தயவுசெய்து இன்றைக்கே பரணில் ஏறிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.