நொடிக்குள் நாலு பங்கு

எல்லாருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வலது கையைத் தூக்கி ஒரு தடவை விரலை நொடியுங்கள். சரி, போதும். அந்தச் சத்தம் வருவதற்கு முன்னால் உங்கள் விரல்கள் என்னென்ன செய்தன என்று யாராவது கவனித்தீர்களா?

நம் இலக்கணக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள். ஓர் எழுத்தை ஒலிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க அவர்களிடம் கடிகாரம் கிடையாது. கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் அளவாக வைத்துக்கொண்டு அதற்கு மாத்திரை என்று பேர் கொடுத்தார்கள். தொல்காப்பியத்திலேயே இது இருக்கிறது. அதோடு விட்டார்களா? பழைய சூத்திரம் ஒன்று அந்த ஒரு நொடிப்பையும் பிரித்துப் பார்க்கிறது: ‘உன்னல் காலே, ஊன்றல் அரையே, முறுக்கல் முக்கால், விடுத்தல் ஒன்றே.’ நொடிக்க வேண்டும் என்று நினைக்கும்போது கால் மாத்திரை. விரல்மேல் விரலை ஊன்றும்போது அரை. முறுக்கும்போது முக்கால். விட்டால் ஒன்று.

எனக்கு இதில் பிடித்தது அந்த முதல் கால்தான். விரல் இன்னும் அசையவே இல்லை, அதற்குள் கால் பங்கு கணக்கில் ஏறிவிட்டது. நினைப்புக்கும் நேரம் ஆகும் என்று ஒத்துக்கொண்ட ஆட்கள்! இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்தக் கால் பங்கைச் சுற்றித்தான்.

ஆறு வருடத்துக்கு முன் நான் பைக்கில் இருந்து விழுந்தேன். பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு வளைவு, சாலையில் யாரோ சிந்திவிட்டுப் போன ஆயில், முன் சக்கரம் வழுக்கியது. ஆனால் அது வழுக்கிய விதம் இன்னமும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஆயில் படலத்தில் ஊதாவும் பச்சையுமாக நிறம் சுழன்றது தெரிந்தது. வண்டியின் கண்ணாடி தரையைத் தொட்டு, வளைந்து, அப்புறம் உடைந்தது. இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கையை ஊன்றாதே, ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும் என்று எனக்கு நானே நிதானமாகச் சொல்லிக்கொண்டேன். பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள், வண்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கவில்லையே, போன வாரம் வந்த குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு அழித்துவிட்டோமே என்றுகூட நினைத்தேன். பயமே இல்லை. கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல எல்லாச் சத்தமும் தூரமாக இருந்தது.

ஓடிவந்து தூக்கிவிட்டவர் சொன்னது வேறு. “என்ன சார், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள விழுந்துட்டீங்க!” என்றார். அவர் பார்த்ததும் நான் விழுந்ததும் ஒரே விழுதல்தான். அவர் கணக்கில் கண்ணிமைப் பொழுது, என் கணக்கில் ஒரு மத்தியானம். இதில் யார் கணக்கு சரி?

இதே கேள்வி 150 வருடங்களுக்கு முன் ஒருவருக்கு வந்தது. ஆல்பர்ட் ஹைம், சுவிட்சர்லாந்தின் புவியியலாளர், மலையேறுபவர். 1871-இல் ஆல்ப்ஸ் மலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது காற்று அவர் தொப்பியைத் தூக்கியது. போனால் போகிறது என்று விடாமல் அதைப் பிடிக்கப் போனார். பாறையில் சறுக்கி ஏறத்தாழ 20 மீட்டர் கீழே பனியில் விழுந்தார். அந்தரத்தில் இருந்த நேரம் என்று பார்த்தால் இரண்டு விநாடிக்கு மேல் தேறாது. அதற்குள் அவர் யோசித்தவற்றைக் கேளுங்கள். கைத்தடியை விடுவதா வைத்துக்கொள்வதா? மூக்குக்கண்ணாடி உடைந்தால் கண்ணில் குத்துமே, கழற்றி எறிந்துவிடலாமா? ஐந்து நாள் கழித்து கொடுக்க வேண்டிய விரிவுரை என்ன ஆகும்? கீழே போனதும், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மேலே இருப்பவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே தன் பழைய வாழ்க்கை மேடை நாடகம்போல ஓடியது என்கிறார். தலை மோதிய சத்தம் கேட்டதாம், வலி தெரியவில்லையாம்.

பிழைத்து எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. மலையிலும் மற்ற இடங்களிலும் விழுந்து பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, 1892-இல் சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் ஆண்டு மலரில் கட்டுரையாக எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் சொன்னது ஒரே மாதிரி இருந்தது. பயம் இல்லை, மனம் தெளிவு, நேரம் ஏராளம். படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. மரணத்தின் வாசலில் இன்ஷூரன்ஸைப் பற்றி நினைத்த அல்பன் நான் மட்டும்தானோ என்று இருந்தேன். மனுஷன் விரிவுரையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்.

அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் இதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எப்படிச் சோதிப்பது? ஆளைக் கூப்பிட்டு மாடியில் இருந்து தள்ள முடியுமா? முடியும் என்று காட்டியவர் டேவிட் ஈகிள்மன். அமெரிக்க நரம்பியலாளர். எட்டு வயதில் கூரையில் இருந்து விழுந்து, அந்த நேரம் நீண்டுபோனதை மறக்காமல் வைத்திருந்தவர். டாலஸ் நகரப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் 31 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தது. உடம்பில் கயிறு எதுவும் கட்டாமல், மல்லாந்த வாக்கில், கீழே விரித்திருக்கும் வலையில் ஆளை விட்டுவிடுவார்கள். இரண்டரை விநாடி. விழுபவர் கையில் ஒரு கருவியைக் கட்டினார்கள். அதில் ஓர் எண் படு வேகமாக மாறிமாறி மின்னும், சாதாரணக் கண்ணுக்கு வெறும் மங்கலாகத்தான் தெரியும். சினிமாவில் காட்டும் ஸ்லோமோஷன்போல மூளைக்குள் உண்மையிலேயே காலம் மெதுவானால் அந்த எண் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும் அல்லவா?

தெரியவில்லை. விழும்போதும் அது மங்கல்தான். ஆனால் எழுந்து வந்தவர்களிடம், நீங்கள் விழுந்த நேரத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து ஸ்டாப்வாட்சில் அழுத்திக் காட்டுங்கள் என்றால், மற்றவர் விழுந்ததற்குக் காட்டிய நேரத்தைவிடத் தங்களுடையதைச் சராசரியாக 36 சதவீதம் நீட்டிக் காட்டினார்கள். 2007-இல் வெளிவந்த ஆய்வு இது. என்னைத் தூக்கிவிட்டவருக்கும் எனக்கும் இருந்த வழக்கு அங்கே தீர்ந்தது. அவர் கணக்குதான் சரி. என்னுடையது ஞாபகத்தின் கணக்கு.

ஈகிள்மன் தரும் விளக்கம் இது. சாதாரண நாளில் மூளை பெரும்பாலானதைப் பதிவு செய்யாமலே கழித்துவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்கிறது, கண்டது கேட்டது எல்லாம் அடர்த்தியாகப் பதிகிறது. பின்னால் அந்த அடர்த்தியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இருக்கிறதே, அப்படியானால் நேரமும் நிறைய ஆகியிருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. தடித்த புத்தகத்தைப் பார்த்ததும், எழுதவே பத்து வருடம் ஆகியிருக்கும் என்கிறோமே, அதுபோல.

விழும்போதே யோசித்தேனே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. கண் வேகம் கூடவில்லை, அவ்வளவுதான். வேறு வேலை எதுவும் இல்லாதபோது இரண்டு விநாடிக்குள் மனசில் நிறையவே ஓடும். நேரம் நீள ஆபத்துகூடத் தேவையில்லை. வீட்டுக்குப் போய், விநாடி முள் தாவித் தாவி ஓடும் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பாருங்கள். முதல் விநாடி மட்டும் முள் நின்றுபோனதுபோல இருக்கும்.

நேரம் நீள்வது முதல் விஷயம். இனி இரண்டாவது. உடம்பின் எல்லை மறைந்து போவது.

காரைத் தூக்கிப் பிள்ளையைக் காப்பாற்றிய தாய் என்று ஒரு செய்தி சில வருடத்துக்கு ஒரு தடவை வரும். நான் அதை முழுக்க நம்புகிறவனும் இல்லை, தள்ளுகிறவனும் இல்லை. காரின் ஒரு மூலையைக் கொஞ்சம் உயர்த்துவது வேறு, காரையே தூக்குவது வேறு. செய்தியில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் உள்ளே கொஞ்சம் பலம் ஒளிந்திருப்பது மெய். 1961-இல் இகாய், ஸ்டைன்ஹவுஸ் என்ற இருவர் ஆட்களை நிமிடத்துக்கு ஒரு தடவை முழு பலத்தோடு இழுக்கச் சொன்னார்கள். நடுநடுவே, எதிர்பாராத நேரத்தில், பின்னால் இருந்து துப்பாக்கி வெடிச் சத்தம். அடுத்த இழுப்பில் பலம் கூடியது. தாங்களே கத்திக்கொண்டு இழுத்தபோது இன்னும் கூடியது. அப்படியென்றால் முன்பு ‘முழு பலம்’ என்று இழுத்தது முழு பலம் இல்லை. நரம்பு மண்டலம் தசையையும் மூட்டையும் காப்பாற்ற ஒரு பிரேக்கை எப்போதும் மிதித்தபடி இருக்கிறது. ஆபத்தில் அந்தக் கால் கொஞ்சம் விலகுகிறது. பாரம் தூக்கும் வீரர்கள் மேடையில் அலறுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இதைப் படித்த பிறகு சிரிப்பதில்லை.

பிரேக் முழுக்க விலகிய ஒரு தாவல் உண்டு. 1968 அக்டோபர் 18, மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக். நீளம் தாண்டுதலில் அதுவரை உலக சாதனை 8.35 மீட்டர். பாப் பீமன் ஓடிவந்து தாவினார். காற்றில் இருந்தது ஏறத்தாழ ஒரு விநாடி. தூரத்தை அளக்கும் புதிய கருவி அவர் இறங்கிய இடம் வரை நகரவே இல்லை. சாதாரண இரும்பு நாடாவை எடுத்து வந்து அளந்தார்கள். 8.90. பலகையில் எண் வந்தும் அவருக்குப் புரியவில்லை, மீட்டர் கணக்கு பழக்கமில்லை. அடிக்கணக்கில் 29 அடியைத் தாண்டிவிட்டாய் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. கால் துவண்டு தரையில் சரிந்துவிட்டார். கடல் மட்டத்தில் இருந்து 2,240 மீட்டர் உயரம், அடர்த்தி குறைந்த காற்று, விதி அனுமதிக்கும் உச்ச அளவுக்குப் பின்காற்று: காரணங்கள் உண்டு. ஆனால் அதே காற்றைத்தான் மற்றவர்களும் சுவாசித்தார்கள். 1991 வரை அந்த உலக சாதனை நின்றது. எனக்கு நெருடுவது வேறு. அந்த நாளுக்குப் பிறகு பீமன் 8.22-ஐத் தாண்டவே இல்லை. அந்தக் கதவு இன்னொரு தடவை திறக்கவில்லை.

திறந்ததைக் கண்டு பயந்தவரும் உண்டு. 1988-இல் மொனாக்கோ கார் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஐர்டன் சென்னா, அதே அணியில் அதே மாதிரிக் காரை ஓட்டிய அலன் புரோஸ்ட்டைவிட 1.427 விநாடி வேகம் காட்டினார். அந்தப் பந்தயத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்கே பெரிசு. தான் அறிந்து ஓட்டவில்லை, ஒரு சுரங்கத்துக்குள் இருப்பதுபோல இருந்தது என்று பின்னால் சொன்னார். திடீரென்று சுய நினைவு வந்தது, பயந்துபோய் வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிட்டார். மறுநாள் பந்தயத்தில் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், கவனம் தளர்ந்து தடுப்பில் மோதி வெளியேறினார். சுரங்கத்துக்குள் இருந்தபோது வராத தடுமாற்றம், வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டது.

இவை எல்லாம் மாயம்போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூத்திரத்தின் அந்தக் கால் பங்குக்கு வருகிறேன். கிரிக்கெட் மட்டையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அவரை எட்ட அரை விநாடிகூட ஆகாது. அவர் கண் நம் கண்ணைவிட வேகமா? சோதித்தார்கள்; கண்ணில் பட்டதற்கு உடம்பு அசைய அவருக்கும் நமக்குப்போல விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஆனால் பந்து கையை விட்டதும் அவர் கண் பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவி, அங்கே போய்க் காத்திருக்கிறது. எவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரரோ அவ்வளவு சீக்கிரம். உன்னல் முந்திவிட்டது. அதனால்தான் அவருக்கு நேரம் இருப்பதுபோல நமக்குத் தெரிகிறது.

2009 ஜனவரி 15. நியூயார்க்கில் இருந்து கிளம்பிய விமானத்தின் இரண்டு எஞ்சினும் பறவைக் கூட்டத்தில் மோதி ஓய்ந்தன. ஹட்சன் ஆற்றில் இறங்கும் வரை 208 விநாடி. விமானி செஸ்லி சல்லன்பெர்கருக்கு அதற்கு முன் ஏறத்தாழ 20,000 மணி நேரம் பறந்த பழக்கம். எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியதைச் சொல்லும் விதிப் பட்டியலின் வரிசையைப் பார்க்காமல் உடனே துணை மின்சாரத்தை முடுக்கினார். அந்தப் பட்டியல் மூன்று பக்கம். அதிக உயரத்தில் கோளாறு வந்தால் நிதானமாகப் படிக்க எழுதியது. முடிக்க நேரமே கிடைக்கவில்லை. நீரில் இறங்கும்போது விமானத்தின் திறப்புகளை மூடும் பொத்தானை யாரும் அழுத்தவும் இல்லை. 155 பேரும் பிழைத்தார்கள். பிறகு விசாரணையில், உடனே திரும்பியிருந்தால் விமான நிலையத்துக்கே போயிருக்கலாமே என்று மாதிரி இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிந்தவர்கள் உடனே திரும்பியபோது சிலருக்கு முடிந்தது. யோசிக்க 35 விநாடி சேர்த்ததும் முடியவில்லை. இந்த 35 விநாடிக்கு ஓர் இடம் கொடுத்த விசாரணைக்காரர்கள் நம் இலக்கணக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் என்று தோன்றுகிறது.

போன தடவை இதைப் பேசியபோது ஓர் அம்மா எழுந்து, “ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போதும் நேரம் நகராதே, அதுவும் இதுதானா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அது இதற்கு நேர் எதிர். காத்திருக்கும் நேரம், இருக்கும்போது நீளம். பின்னால் நினைத்தால் ஒன்றுமே இருக்காது, பதிய அங்கே எதுவும் நடக்கவில்லை.

நான் விழுந்த அன்று தோள் எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை நடந்தது. என் மனைவி மூன்று மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் எப்படி இருந்தது என்று பல தடவை கேட்டிருக்கிறேன். “உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கூப்பிட்டாங்க” என்பாள். நான் என்னுடைய இரண்டு விநாடியை உங்களிடம் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.