முதல் சொத்துக்குக் கடன்: வட்டியைப் பார்க்கும் முன் கெடுவைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வாடகைக்கு விடலாம் என்று முதன்முதலாக ஒரு வீடோ கடையோ வாங்கப் பார்க்கிறீர்கள். வங்கியில் கேட்டால் கிரெடிட் ஸ்கோர் போதாது என்கிறார்கள். வேறு யார் பணம் தருவார்கள்? இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

தருவதற்கு ஆள் நிறையவே உண்டு. ஸ்கோர் குறைந்தவருக்கு வரும் கடன் விளம்பரங்களைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பணம் எத்தனை மாதத்துக்குள் திரும்ப வேண்டும், அதற்குள் அந்தச் சொத்தால் அதைத் திருப்ப முடியுமா என்று பார்ப்பவர்கள்தான் குறைவு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஸ்கோர் குறைந்தவர் வேறு, ஸ்கோரே இல்லாதவர் வேறு. அமெரிக்காவில் 1989 முதல் புழக்கத்தில் இருக்கும் ஃபைகோ ஸ்கோர் 300-லிருந்து 850 வரை போகும். ஆறு மாதமாவது ஆன ஒரு கடன் கணக்கு இருந்தால்தான் அந்த ஸ்கோரே பிறக்கும். இந்தியாவின் சிபில் 300-லிருந்து 900 வரை. வாழ்நாள் முழுக்க ரொக்கமாகவே கொடுத்து வாங்கிய ஒழுங்கான மனிதருக்கு இரண்டிலும் எண்ணே வராது. அவருக்கு மருந்து சுலபம். வங்கியில் ஒரு வைப்புத்தொகை போட்டு, அதன்பேரில் ஒரு கார்டு வாங்கி, சிறு செலவுக்குப் பயன்படுத்தி, மாதாமாதம் முழுசாகக் கட்டி வந்தால் ஓராண்டுக்குள் ஒரு வரலாறு உருவாகிவிடும். தவணை தவறிய தழும்பு அப்படிச் சீக்கிரம் ஆறாது. அமெரிக்க அறிக்கைகளில் அது ஏழு ஆண்டு வரை நிற்கும். ஸ்கோரே இல்லாதவர் ஸ்கோர் குறைந்தவருக்கான வட்டியைக் கட்டிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஓராண்டு பொறுத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் அது.

சரி, கடன் கொடுப்பவர் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்? ஆளைப் பார்ப்பார், சொத்தைப் பார்ப்பார், ஆளுக்குப் பக்கத்தில் வேறு யார் நிற்கிறார் என்று பார்ப்பார். ஆளின் பக்கம் பலவீனம் என்றால் மற்ற இரண்டின்மீது சாய வேண்டியதுதான்.

சொத்தின்மீது சாய்வது எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை 100 என்று எழுதுங்கள். ஆண்டில் சில வாரமாவது வீடு காலியாகக் கிடக்கும், அதற்கு 8 கழியுங்கள். வரி, காப்பீடு, பழுது, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 35 என்று வையுங்கள். மிச்சம் 57. மாதத் தவணை 50 என்றால் 57-ஐ 50-ஆல் வகுத்தால் 1.14. இந்த விகிதத்தைத்தான் கடன் கொடுப்பவர்கள் டி.எஸ்.சி.ஆர். என்கிறார்கள். பெரும்பாலும் 1.2, 1.25 என்று எதிர்பார்ப்பார்கள். தவணையை 45-க்குக் கொண்டுவந்தால் விகிதம் 1.27 ஆகிவிடும், கதவு திறக்கும். ஆக, கூடுதல் முன்பணம் போடுவது, விலையைக் குறைத்துப் பேசுவது, தவணைக் காலத்தை நீட்டுவது, இந்த மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும். இப்படி வாடகையை வைத்துக் கொடுக்கும் கடனில் சம்பளச் சீட்டைப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். ஸ்கோரை அறவே பார்க்காமலும் இருக்க மாட்டார்கள், குறையக் குறைய முன்பணத்தை ஏற்றுவார்கள். புதிதாக வாங்குபவர்கள் இந்தத் தாளில் வழக்கமாக விட்டுவிடுவது அந்த 8-ஐத்தான். வீடு ஒருநாளும் காலியாக இருக்காது என்று தரகர் சொல்லியிருப்பார்.

அப்புறம், விற்பவரே கடன் கொடுப்பது. எனக்குப் பிடித்த வழி இது, பயமும் இதில்தான் அதிகம். வீட்டுக்காரருக்கு மொத்தப் பணமும் உடனே தேவையில்லை, மாதாமாதம் வருமானம் வந்தால் போதும் என்றிருப்பார். நீங்கள் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, மிச்சத்தை வட்டியோடு அவருக்கே தவணையாகக் கட்டுகிறீர்கள். ஸ்கோர் பார்ப்பதும் பார்க்காததும் அவர் விருப்பம். நிபந்தனைகளை மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசி மாற்றிக்கொள்ளலாம், வங்கியில் அது நடக்காது.

பயம் எங்கே என்றால், இத்தகைய ஒப்பந்தங்களில் தவணையை முப்பது ஆண்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, ஐந்தாம் ஆண்டு முடிவில் பாக்கி முழுவதையும் ஒரே தொகையாகக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். தவணை சிறிதாக இருப்பதால் அந்த வரி கண்ணில் படாது. ஒரு லட்சம் கடன், 8 சதவீத வட்டி, முப்பது ஆண்டுக் கணக்கு என்று வையுங்கள். மாதம் சுமார் 734 வரும். ஐந்து ஆண்டில் 44,000-க்கு மேல் கட்டியிருப்பீர்கள். பாக்கி எவ்வளவு இருக்கும் தெரியுமா? ஏறத்தாழ 95,000. கட்டியதில் 5,000-கூட அசலில் கழியவில்லை. அந்த 95,000-க்கு அன்றைக்கு ஒரு வங்கி உங்களுக்குக் கடன் கொடுத்தால்தான் வீடு கையில் நிற்கும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் அந்த ஐந்து ஆண்டில் ஸ்கோரைத் தேற்றியாக வேண்டும். தனியாருக்குக் கட்டும் தவணை பெரும்பாலும் கடன் அறிக்கையில் ஏறாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒழுங்காகக் கட்டியதற்குச் சாட்சியாக வங்கி வழியாகவே கட்டி ரசீது சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று, விற்பவர் பேரில் ஏற்கெனவே அடமானம் இருக்கிறதா என்று பாருங்கள். சொத்து கைமாறினால் பாக்கி முழுவதையும் உடனே கேட்கலாம் என்ற நிபந்தனை அடமானப் பத்திரங்களில் வழக்கமாக இருக்கும். அமெரிக்காவில் அந்த நிபந்தனையைக் கடன்காரர்கள் அமல்படுத்தலாம் என்பதை 1982-இல் வந்த ஒரு மத்தியச் சட்டம் உறுதிப்படுத்தியது. எந்த ஊராக இருந்தாலும் வில்லங்கம் பார்க்காமல், வழக்கறிஞர் பத்திரத்தைப் படிக்காமல், முன்பணம் கொடுக்க வேண்டாம்.

முதலில் குத்தகைக்கு எடுத்து, பிறகு குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையோடு போடும் ஒப்பந்தமும் உண்டு. காலம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வாங்க முடியாமல் போனால் அந்த உரிமைக்காகக் கொடுத்த தொகை பொதுவாகத் திரும்பாது.

பழுதான கட்டடத்தை வாங்கிச் செப்பனிட்டு விற்க நினைப்பவர்கள் தனியார் குறுகியகாலக் கடனுக்குப் போவார்கள். முக்கியமாகச் சொத்தின் மதிப்பைப் பார்த்துச் சில நாட்களிலேயே கொடுத்துவிடுவார்கள். கெடு பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு, வட்டி வங்கியைவிட மிக அதிகம், அதற்குமேல் தொடக்கக் கட்டணம். கொத்தனார் ஒரு மாதம் தாமதித்தால் அந்த மாத வட்டி உங்கள் லாபத்திலிருந்து போகிறது. முதல் சொத்துக்கு இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வாங்கும் கட்டடத்திலேயே குடியிருப்பது வேறு கணக்கு. தான் குடியிருக்கும் வீட்டுக்குத் தவணை கட்டாமல் விடுபவர் குறைவு என்பதால் கடன்காரர்கள் இளகுவார்கள். அமெரிக்காவில் 1934-இல் தொடங்கிய எஃப்.எச்.ஏ. என்ற அரசு வீட்டுக்கடன் அமைப்பு காப்பீடு செய்யும் கடனில் ஸ்கோர் 580 இருந்தால் 3.5 சதவீத முன்பணம் போதும். 500-லிருந்து 579 வரை என்றால் 10 சதவீதம். நான்கு குடியிருப்பு வரை உள்ள கட்டடத்தை வாங்கி, ஒன்றில் குறைந்தது ஓராண்டு நீங்கள் இருந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விடலாம். அந்தந்தக் கடன் நிறுவனம் தன் பங்குக்குக் கூடுதலாகக் கேட்கக்கூடும் என்பது வேறு விஷயம். நீங்கள் இருக்கும் நாட்டிலும், சொந்தக் குடியிருப்புக் கடனுக்கும் முதலீட்டுக் கடனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். குடியிருக்கப் போவதாகப் பொய் சொல்லி இந்தச் சலுகையை வாங்குவது மோசடி, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பக்கத்தில் நிற்கும் ஆள் என்றேனே, அது கூட்டாளியாகவோ கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ இருக்கலாம். அண்ணனோ மாமாவோ கையெழுத்துப் போடும் முன் அவருக்கு ஒன்றை நேராகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் தவறினால் அவரிடம்தான் வசூலுக்கு வருவார்கள், அவருடைய ஸ்கோரும் விழும். கூட்டாளி என்றால், லாபப் பங்கைவிட முதலில் எழுத வேண்டியது, ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்குக்கு விலை எப்படிப் போடுவது என்பதை. கூரை ஒழுகினால் யார் பணம் போடுவது என்பதையும் எழுதிவிடுங்கள். உறவுக்குள் எதற்குப் பத்திரம் என்பவர்கள்தான் பிறகு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

நகையையோ வைப்புத்தொகையையோ காப்பீட்டுப் பத்திரத்தையோ அடகு வைத்தால் ஸ்கோர் பெரிய தடையாக இருக்காது. நகைக் கடனின் கெடு பெரும்பாலும் ஓராண்டு, வாடகையோ இருபது ஆண்டில் மெல்ல வருவது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

2008 நெருக்கடிக்கு முன் அமெரிக்காவில் ஸ்கோர் குறைந்தவர்களுக்கு ஏராளமாகக் கொடுத்த ஒரு கடன், முதல் இரண்டு ஆண்டு நிலையான வட்டி, அடுத்த இருபத்தெட்டு ஆண்டு மாறும் வட்டி. வட்டி ஏறும் முன் வேறு கடனுக்கு மாறிவிடலாம் என்றுதான் பலரும் எடுத்தார்கள். வீட்டு விலை விழுந்ததும் மாறுவதற்கான கடன் கிடைக்கவில்லை. வீடு போனது.

கடனே வேண்டாம், சொத்துச் சந்தையில் மட்டும் நுழைந்தால் போதும் என்பவர்களுக்கு ரீட் இருக்கிறது, அதாவது பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களை வாங்கி, வாடகை வருமானத்தைப் பங்கிடும் அமைப்பு. அமெரிக்காவில் 1960-லிருந்தும், இந்தியப் பங்குச் சந்தையில் 2019-லிருந்தும் உண்டு. அலகு விலை ஏறி இறங்கும், ஆனால் யாரும் ஸ்கோர் கேட்க மாட்டார்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது உங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் படிப்பது. இந்தியாவில் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். அடைத்து முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நின்றால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். அது திருந்தும்வரை நாலு இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் அதே அறிக்கையில் பதிவாகும். அறிக்கை சரியாக வந்த பிறகு அந்த வாடகைத் தாளோடு கடன்காரரிடம் போங்கள். போய், கடைசித் தவணை எந்தத் தேதி, அன்றைக்குக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.